குளத்தைப் பார்த்த வாசல்

மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. வந்து நின்ற இடத்தில் கதவு இல்லை. வெள்ளையடித்த நீளமான சுவர்தான் இருந்தது. சுவருக்கு உள்ளே குமரேசன் என்ற தொழிலாளி வலது பாதம் நசுங்கிக் கிடந்தார். ஆம்புலன்ஸ் பின்வாங்கித் திரும்பி, பெரிய சாலைக்குப் போய், ஒரு குளத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாக அவரிடம் சேர்ந்தபோது மணி நான்கு முப்பத்தொன்று.

இந்த இரண்டு நேரங்களையும் தொலைபேசியில் சொன்னவள் என் மகள் மதுமிதா. திண்டுக்கல்லில் நான் ஒன்பதாம் வகுப்புப் புவியியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "அந்தக் கட்டடத்தை அப்படித் திருப்பி வைக்கலாம்னு கையெழுத்துப் போட்டது நான்தாம்மா" என்றாள்.  

மதுவுக்கு மலேசியாவில், ஜொகூரில் வேலை. கூலாய்க்குப் பக்கத்தில், முன்பு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் ஒரு வணிகப் பூங்கா எழும்பிக்கொண்டிருக்கிறது. எந்த மனையில் கட்டடம் எங்கே நிற்க வேண்டும், எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், லாரி எந்த வழியாக உள்ளே வர வேண்டும், மழைத்தண்ணீர் எங்கே போய்த் தேங்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு விதிமுறைப் புத்தகம் உண்டு. அதை எழுதிய மூவரில் அவளும் ஒருத்தி. மனை வாங்கியவர்கள் கொண்டுவரும் வரைபடத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் தருவது அவள் பொறுப்பு.

விபத்து நடந்து மூன்றாவது வாரம், "ராஜினாமா எழுதி வச்சிட்டேன்" என்று ஒரே வரியில் செய்தி வந்தது. அவள் அப்பா, "போய்க் கையோட கூட்டிட்டு வா" என்றார். அவளைக் கூட்டிவரத்தான் போனேன். எதைச் சொல்லிக் கூட்டிவருவது என்று மட்டும் தெரியாமல் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் அவளைப் பார்த்ததும் என் பெட்டியை விட்டுவிட்டு வேறு யாருடைய பெட்டியையோ இழுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு சீனப் பெண்மணி ஓடிவந்து சிரித்துக்கொண்டே மாற்றிக்கொடுத்தார். மது அவ்வளவு மெலிந்திருந்தாள். பெர்மாஸ் ஜெயாவில் பதினோராவது மாடியில் அவள் வீடு. சன்னலைத் திறந்தால் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாகக் கீழே நிற்கின்றன. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்கு அடியில் ராஜினாமாக் கடிதம். பக்கத்தில் பால் கணக்கு போல ஒரு துண்டுச்சீட்டு: வியாழன், பத்து மணி, விசாரணை.

"வியாழக்கிழமை என்ன முடிவு பண்ணுவாங்க?"

"அடிபட்டவர் வந்து பேசணும். அவர் பேசின பிறகுதான் என்னை வச்சுக்கிறதா அனுப்பறதான்னு சொல்வாங்க. வேலை போனா இங்க இருக்கற அனுமதியும் போயிடும். எப்படியும் நானே கடிதத்தைக் கொடுத்துடுவேன்மா. சாப்பிடு."

மறுநாள் வழக்கம்போல ஐந்து மணிக்கு விழித்தேன். இருட்டு. ஆறு மணிக்கும் இருட்டு. ஆறரைக்குக் கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்து மதுவை எழுப்பினேன். "இங்க ஏழு மணிக்குத்தாம்மா விடியும். நீ ஜியாகிரபி டீச்சர்தானே?" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னாள். வந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் கேலி. அதற்காகவே இன்னொரு முறை கேட்கலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனதும் நான் அந்தச் சுவரைப் பார்க்கக் கிளம்பினேன். அவளிடம் சொல்லவில்லை. கீழே காவலாளி பிடித்துக்கொடுத்த வண்டியின் ஓட்டுநர் பெயர் செல்வம். ஐம்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்ததும், "பசியாறிட்டீங்களாக்கா?" என்றார். யாராவது கோபப்பட்டு ஆறுவதைப் பற்றிக் கேட்கிறாரோ என்று விழித்தேன். காலை உணவு ஆயிற்றா என்பதை இங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். நம் ஊரில் "டிபன் ஆச்சா" என்று கேட்கிற நாம் இதை எப்போது தொலைத்தோம் என்று தெரியவில்லை.

"எந்தக் கட்டடம்?"

"நாலாம் நம்பர்."

"அலமாக்! அடடா, அங்க நாலே இல்லியேக்கா."

உண்மைதான். வணிகப் பூங்காவின் உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்த பலகைகள் சட்டென்று மூன்று-ஏ என்றாகி, பிறகு ஐந்துக்குப் போய்விட்டன. சீனர்களுக்கு நாலு ஆகாது, சாவை ஞாபகப்படுத்துகிற எண், அதனால் மூணு-ஏ என்று போட்டுக்கொள்வார்கள் என்று செல்வம் விளக்கினார். "என் வீட்டுல எனக்கு நாலு புள்ள. கடைசிய மூணு-ஏன்னு கூப்புடலாம்னா சம்சாரம் அடிக்க வருது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரைபடத்தில் தேடினால் கைப்பேசி அம்புக்குறி காட்டும் இடத்தில் இறக்கிவிட்டு, பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவதாகப் போனார்.

வெள்ளைச் சுவர். ஆம்புலன்ஸை வழிநடத்திய அம்புக்குறிதான் என்னையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

சாலை அகலமாக, சுத்தமாக இருந்தது. கட்டடம் சாலையை ஒட்டி, ஒரு புல் கீற்றை மட்டும் விட்டு நின்றது. எழுபது அடி, எண்பது அடி இருக்கும்; கதவில்லை, சன்னலில்லை. வாசல் இல்லாத முகப்புக்கு முன்னால் நின்றால் யாரோ பேச மறுத்துத் திரும்பி உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. உள்ளே ஏதோ இயந்திரம் ஓடியது. சுவரைத் தட்டிப் பார்த்தேன். எதற்குத் தட்டினேன் என்று தெரியவில்லை.

மழை வந்தது. எங்கள் ஊர் மழை முதலில் சாரல் அனுப்பிச் சொல்லிவிட்டு வரும். இங்கே வாளியைக் கவிழ்ப்பதுதான் வழக்கம் போலிருக்கிறது. ஒதுங்க ஒரு சன்னல் விளிம்புகூட இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் போன வழியிலேயே நடந்தேன். பெரிய சாலை, வளைவு, குளம், அடுத்த தெரு. போய்ச் சேர்ந்தபோது சேலை எடையே தாங்க முடியவில்லை. ஒரு நேப்பாளக் காவலாளி குடையோடு ஓடிவந்து, இந்தியில் ஏதோ கேட்டார். நான் தமிழில் ஏதோ சொன்னேன். அவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

அங்கேதான் வாசல் இருந்தது. அழகான வாசல். கண்ணாடிக் கதவு, செந்நிறத் தூண்கள், எதிரே குளம் விரிந்து கிடக்கிறது. மழையில் அது கொதிப்பது போலத் தெரிந்தது. தண்ணீரைப் பார்த்து வாசல் வைத்தால் பணம் சேரும் என்பது கட்டடத்தின் உரிமையாளர் திரு. டானின் நம்பிக்கை. அதற்காகத்தான் சாலையைப் பார்க்க வேண்டிய கட்டடத்தைத் திருப்பிக் கட்டினார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வாசலே ஒரு காலத்தில் தெற்குப் பார்த்து இருந்தது. மதுவின் அப்பாவுக்குத் தொழிலில் அடிமேல் அடி விழுந்தபோது வாஸ்து பார்க்கிறவர் வந்தார். முன்வாசலில் செங்கல் வைத்துப் பூசிவிட்டுப் பின்சந்தில் புது வாசல் வைத்தோம். இன்றைக்கும் சிலிண்டர் கொண்டுவருகிற பையன் முன்தெருவில் நின்று, "அக்கா, வீட்டுக்குள்ள எப்படிக்கா போறீங்க?" என்று கத்துகிறான். பழகிவிட்டது. பழகிவிட்டதால்தான் நான் அந்தப் பேச்சைப் பேசினேன்.

ஒரு வருடத்துக்கு முன் மது தொலைபேசியில் என்னிடம் யோசனை கேட்டாள். டான் கட்டடத்தைத் திருப்பிக்கொள்ளட்டும், ஆனால் சாலைப் பக்கமும் ஒரு கதவு இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதியிருக்கிறாளாம். அவர் பிறகு வைக்கிறேன் என்கிறாராம். கதவு வராமல் கையெழுத்துப் போடலாமா என்றாள். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். "வாசல் விஷயத்துல ஒருத்தர் மனச நோகடிக்காதடி. சொன்னா வச்சுருவாங்க. போட்டுக் குடு" என்றேன். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் கதவு வைக்கவில்லை. நாங்கள் இருவரும் இந்தப் பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை.

செல்வம் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, வணிகப் பூங்காவுக்கு எதிரே காதர் பாய் கடைக்குக் கூட்டிப்போனார். காதர் பாயின் தகப்பனார் தொண்டிக்காரர். ஈரச் சேலையைப் பார்த்ததும் ஒரு பூப்போட்ட கைலித் துணியை நீட்டி, "போத்திக்கங்க டீச்சர். புதுசுதான்" என்றார். டீச்சர் என்பதும் மதுவின் அம்மா என்பதும் செல்வம் சொல்லித் தெரிந்திருக்கும்; வண்டியில் அவரிடம் சொல்லியிருந்தேன். டீ கேட்டேன், கெட்டிப்பால் ஊற்றி, ஒரு கை உயரத்திலிருந்து ஆற்றி, நுரையோடு வந்தது. நம் ஊர் டீயைவிட இரண்டு மடங்கு இனிப்பு. ரொட்டி சானாய் என்று ஒன்று. நம் பரோட்டாவின் பணக்காரத் தங்கை. கிழித்துப் பருப்புக் குழம்பில் தோய்த்தபோதுதான் பசி தெரிந்தது.

"குமரேசன் எங்க ஊரு ரெங்கம் ஆளுதான்" என்றார் செல்வம். "எங்கப்பாவும் அவன் அப்பாவும் ஒரே ரப்பர் தோட்டத்து வெட்டுக்காட்டுல பால் மரம் சீவுனவங்க. ரெண்டு கால் வெரலு எடுத்துட்டாங்க. காலு இருக்கு."

"நான் போய்ப் பார்க்கலாமா? மன்னிப்புக் கேட்கணும்."

செல்வம் காதர் பாயைப் பார்த்தார். காதர் பாய் ரொட்டிக் கல்லைத் துடைத்தார்.

"இப்ப வேணாம்கா. அவன் நல்லாத்தான் பேசுவான். அவன் சம்சாரம் வெளக்கமாத்த எடுக்கும்."

"அந்தப் பத்தொன்பது நிமிஷத்தால்தான் விரல் போச்சா?"

"அத யாரு சொல்றது? டாக்டர் மண்டைய ஆட்டுறாரு. ஆமாவா, இல்லையான்னு தெரியல."

இதுதான் அந்தப் பயணம் முழுக்க என்னைக் குழப்பியது. விரல்கள் விபத்தால் போயினவா, சுவரால் போயினவா, டானின் நம்பிக்கையால் போயினவா, மதுவின் கையெழுத்தாலா, என் ரசத்தாலா? எவரும் சொல்ல மாட்டார்கள்.

தன் கடையில் வழக்கமாகச் சாப்பிடும் மதுவுக்குக் காதர் பாய் தகவல் சொல்லியிருக்கிறார். மதிய இடைவேளையில் அவள் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "எதுக்கும்மா அங்க போன? நான் அந்தத் தெரு வழியா வேலைக்குக்கூடப் போறதில்ல, தெரியுமா?"

"உக்காரு. எனக்கு ஒண்ணும் புரியல. கட்டடம்னா எங்க இடம் இருக்கோ அங்க கட்ட வேண்டியதுதானே. இதுக்கு ஒரு புத்தகமா?"

கோபம் வந்தால் அவள் விளக்க ஆரம்பிப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. மேசையில் இருந்த தட்டுகளை இழுத்தாள்.

"இது மெயின் ரோடு." கரண்டி. "இந்த நாலு தட்டும் நாலு கட்டடம். முகம் ரோட்டைப் பாக்கணும், ஏன்? புதுசா வர்றவன் யாரையும் கேக்காம வாசலைக் கண்டுபிடிக்கணும். லாரி ஏத்தி இறக்கறது பின்னாடி, ஆள் நடக்கற இடத்துல லாரி பின்வாங்கக் கூடாது." உப்பு டப்பாவை நகர்த்தினாள். "தெரு முனைல இருக்கற கட்டடம் முனைக்கு நெருங்கி நிக்கணும், திரும்பற இடம் தூரத்துல இருந்தே தெரியும். காரை எல்லாம் முன்னாடி நிறுத்தினா ரோட்டுல இருந்து வாசல் வரைக்கும் வெயில்ல நடக்கணும், அதனால பார்க்கிங் பக்கவாட்டுல. தண்ணி தானா எங்க ஓடுதோ அந்தத் தாழ்வான எடத்துல குளம்." குழம்புக் கிண்ணத்தை வைத்தாள். "தோட்டக் காலத்துல வெட்டின கால்வாய் அங்கதான் போய் விழுந்துச்சு, அதை மாத்தல."

"டான் என்ன பண்ணாரு?"

ஒரு தட்டை எடுத்துக் கவிழ்த்து, முதுகைக் கரண்டிப் பக்கம் காட்டி வைத்தாள்.  காதர் பாய் வந்து குழம்பு ஊற்றப் பார்த்து, கவிழ்ந்த தட்டைக் கண்டு நின்றுவிட்டார்.

"அன்னிக்கு நான்தானே சொன்னேன், போட்டுக் குடுன்னு" என்றேன்.

"நீ ரசம் வச்சுட்டு இருந்தம்மா. சம்பளம் எனக்கு. யோசிச்சிருக்க வேண்டியது நான்."

ஆறுதலுக்காகச் சொன்னாளா, அடிப்பதற்காகச் சொன்னாளா? இரண்டுமாக இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை அவளே என்னைக் கூட்டிக்கொண்டு வணிகப் பூங்காவைச் சுற்றிக் காட்டினாள். நண்பகலில் என் நிழல் காலடியில் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிப்போனது. சூரியன் சற்றே வடக்கே சாய்ந்திருந்தது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பாதி ஆண்டு சூரியன் வடக்கே, பாதி ஆண்டு தெற்கே என்று இருபத்து நான்கு வருடமாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அங்கே நின்று பார்த்ததும் தலை சுற்றியது. "வாஸ்துக்காரர இங்க கூட்டி வந்தா என்ன சொல்வார்?" என்றேன். "தலைல துண்டப் போட்டுக்குவார்" என்றாள். நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி, குறுகிய பக்கம் மேற்கு வெயிலை வாங்கும்படி ஒவ்வொரு கட்டடத்தையும் எப்படித் திருப்பினார்கள் என்று காட்டினாள். வெட்டாமல் விட்ட தூங்குமூஞ்சி மரங்களைச் சுற்றிப் பாதை வளைந்து போனது. கட்டடங்களிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை கூரையிட்ட நடைபாதை. இவர்கள் கம்பம் என்று சொல்லும் பக்கத்துக் கிராமத்து வீடுகளுக்கும் லாரிச் சத்தத்துக்கும் நடுவே இரண்டு வரிசை மூங்கில். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமி மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லா இடத்திலும் மதுவின் குரல் சரளமாக வந்தது. மூன்று-ஏ இருக்கும் தெருமுனையில் மட்டும், "இந்தப் பக்கம் வேணாம்மா" என்று திரும்பிவிட்டாள்.

இவளைப் பார்க்கும்வரை எனக்கு ஒரே எண்ணம்தான், கூட்டிப்போய்விட வேண்டும் என்று. பார்த்த பிறகு அது ஆட்டம் கண்டது. மூங்கில் எங்கே நிற்க வேண்டும் என்று யோசிக்கத் தெரிந்த பெண்ணைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துப்போய்ச் செங்கல் வைத்து அடைத்த வாசலுக்குப் பின்னால் உட்காரவைப்பதா? அடுத்த நிமிடமே, ஒரு மனிதரின் விரல்கள் போயிருக்கின்றன, உன் மகளின் மூங்கில் யாருக்கு வேண்டும் என்று தோன்றியது.

புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். மழையின் வேலை. காதர் பாய் கடையிலிருந்து செல்வம் கஞ்சி வாங்கிக் கொண்டுவந்து, "பங்குஸ் பண்ணிட்டு வந்துட்டேன்" என்றார். பங்குஸ் என்றால் பொட்டலம்; நெகிழிப் பையில் கஞ்சியைக் கட்டி ஒரு குழலோடு தொங்கவிட்டிருந்தார்கள். கஞ்சியைக் குழலில் உறிஞ்சுகிற நாட்டை அன்றுதான் பார்த்தேன். கதவை மூடுவதற்கு முன் செல்வம், "நாளைக்கு குமரேசனை நான்தான் ஏத்திட்டு வரேன்க்கா. ரெங்கத்துலேர்ந்து" என்றார்.

"அவர் என்ன சொல்லப் போறார்?"

"கேட்டேன். 'நீ வண்டிய ஓட்டு'ன்னு சொல்லிட்டான்."

வியாழக்கிழமை. விசாரணையை மூன்று-ஏ கட்டடத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள், இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காக. கடிதத்தை மது கைப்பையில் வைத்திருந்தாள். வணிகப் பூங்காவின் நிர்வாகத் தலைவர் என்சிக் ரஹ்மான் (திரு என்பதற்கு மலாயில் என்சிக்), அவரோடு இரண்டு அதிகாரிகள். திரு. டான் வெள்ளைச் சட்டையில், எழுபது வயதைத் தாண்டியவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று ஒரு சிறு கிண்ணத்தில் தேநீர் கொடுத்தார். நான் யார் என்று மது சொன்னதும் மலாயில் நிறைய பேசினார். அவள் மொழிபெயர்த்தாள்: "இந்த வாசல் வச்ச பிறகு வியாபாரம் நல்லா போச்சாம். ஆனா அன்னையிலேர்ந்து இந்தக் குளத்தைப் பார்த்தா அவருக்குப் பயமா இருக்காம். அந்தச் சாலைப் பக்கக் கதவை இன்னிக்கு வைக்கலாம், நாளைக்கு வைக்கலாம்னு இருந்துட்டாராம்."  எங்கள் வீட்டுக்காரருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

பத்து மணி. பத்தே கால். பத்தரை. எல்லோரும் கண்ணாடிக் கதவு வழியாகக் குளத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வண்டியும் வரவில்லை. "வராவிட்டால் அவர் எழுதிக்கொடுத்ததை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்" என்றார் என்சிக் ரஹ்மான். குமரேசன் என்ன எழுதிக்கொடுத்திருந்தார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. மது கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள்.

அப்போது ஹாரன் கேட்டது.

பின்னாலிருந்து. எங்களுக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம். விடாமல், எடுக்காமல், ஒரே நீளமான ஹாரன். இயந்திரங்களை நிறுத்தியிருந்ததால் கட்டடம் முழுக்க அந்தச் சத்தம்தான். தொழிலாளிகள் சிலர் சுவர் அருகே போய் நின்றார்கள். ஒருவர் கையை வைத்துப் பார்த்தார்.  மது சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"செல்வம் வண்டி" என்றேன். "மது, அது செல்வம் வண்டிடி."

அங்கே போக ஒரே வழிதான் இருந்தது. என்சிக் ரஹ்மான் முன்னால், டான் குடையை ஊன்றிக்கொண்டு, அதிகாரிகள் கோப்புகளோடு, நாங்கள் பின்னால், நேப்பாளக் காவலாளி எல்லோருக்கும் கடைசியாக. அடுத்த தெரு, குளம், வளைவு, பெரிய சாலை.  ஹாரன் நிற்கவே இல்லை. டானுக்கு மூச்சு வாங்கியது. மது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டவர்களில் யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

சுவரை ஒட்டிப் புல் கீற்றில் வண்டி நின்றது. செல்வம் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். பின்னிருக்கையில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் விளக்குமாறு இல்லை, தண்ணீர்ப் புட்டிதான். என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டிக்கு வெளியே, இரண்டு ஊன்றுகோல்களோடு, வலது காலில் பெரிய கட்டோடு ஒரு மெலிந்த மனிதர் சுவரில் சாய்ந்து நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் ஆச்சு பாத்தீங்களா?" என்று முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் கேட்டார். 

"எனக்கு வாசல் எங்க இருக்குன்னு தெரியாமலா இங்க வந்து நின்னேன் லா? ஆறு வருஷமா இந்தத் தவுக்கே மொதலாளிகிட்ட வேலை பாக்குறேன்." ஊன்றுகோலைத் தூக்கி, சுவரில் ஓர் இடத்தைத் தட்டினார். "இதுக்கு நேரா உள்ளாற படுத்திருந்தேன். சைரன் சத்தம் இங்க கேட்டுச்சு. இந்தா, இங்க. வந்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்பறம் சத்தம் தூரமாப் போச்சு. காலு வலிச்சதவிட அதுதான். நம்மள வுட்டுட்டுப் போறாங்களேன்னு."

என்சிக் ரஹ்மான் கோப்பை மூடினார். டான் தலைகுனிந்து நின்றார்.

குமரேசன் மதுவைப் பார்த்தார். "நீங்கதான் படம் பாத்துக் கையெழுத்துப் போட்ட பொண்ணா?"

"ஆமாண்ணே." மது ஓரடி முன்னால் வந்தாள். "கதவு வராமலே போட்டுட்டேன். தப்புதாண்ணே. வேலையை விட்டுட்டுப் போறேன். கடிதம் எழுதி..."

"அத உள்ள வைங்க."

அவள் கைப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

"நீங்க போயிட்டா புதுசா ஒருத்தர் வருவாரு. அவருக்கு இந்தச் சுவரு வெறும் சுவருதான். ஒங்களுக்கு அப்படி இல்ல." ஊன்றுகோலின் முனையை அதே இடத்தில் மறுபடி வைத்தார். "பென்சில் இருக்கா?"

மது கைப்பைக்குள் துழாவினாள்.

"இங்க கோடு போடுங்க. கதவு வர்ற வரைக்கும் ஊருக்குப் போகக் கூடாது, ஆமா."